வடிக்காத உருளைக்கிழங்கு

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இத்தாலியில் எங்கள் அணி எந்த ஊர் அணியோடு மோதுகிறதோ, அந்த ஊர்ச் சாப்பாட்டை அன்றைக்கு உத்திரமேரூரில் நான் சமைக்க வேண்டும். ஆட்டம் முடிவதற்குள் தட்டு காலியாகிவிட வேண்டும். எதிரணியின் சோற்றை நாம் தின்று தீர்த்துவிட்டால் அவர்கள் காலில் ஓடப் பலம் இருக்காது என்பது நம்பிக்கை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வாரமெல்லாம் நெல் மண்டியில் நின்று, மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் பார்த்து, வியாபாரிகளிடம் கறாராகப் பேசுகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் எனக்கு மூளை வேறு மாதிரி வேலை செய்யும்.

'எங்கள் அணி' என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்விதான். உரிமை என் தம்பி வழியாக வந்தது. அவன் கேட்டரிங் படித்துவிட்டுச் சென்னையில் இரண்டு ஓட்டல்களில் வெந்து, அங்கிருந்து எப்படியோ தெற்கு இத்தாலியில் கடலோரத்து ஊர் ஒன்றின் ஓட்டல் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தான். அந்த ஊரில் கால்பந்துதான் சாமி. அவனும் கும்பிட ஆரம்பித்தான். பணக்கார வடக்கு ஊர்களிடம் காலங்காலமாகக் கேலிப் பேச்சு வாங்கிய தெற்கத்தி அணி அது என்று அவன் போனில் விளக்கியபோது, வடக்கு, தெற்கு என்றதுமே எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. அந்த நிமிஷமே நானும் சேர்ந்துகொண்டேன்.

அங்கே மத்தியானம் நடக்கும் ஆட்டம் இங்கே சாயங்காலம் வரும். நான் லேப்டாப்பில் ஆட்டத்தைப் போட்டு, பக்கத்தில் போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து வீடியோவில் அவனைக் கூப்பிடுவேன். அவன் தன் அறையில் வேறு நாலைந்து பேரோடு உட்கார்ந்து பார்ப்பான். இரண்டு கண்டங்களில் உட்கார்ந்துகொண்டு ஒரே நேரத்தில் ஒரே ஆளைத் திட்டுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அண்ணன் தம்பிக்குள் பேசிக்கொள்ள வேறு எதுவும் பெரிதாக இருந்ததில்லை, அது வேறு விஷயம்.

சமையல் அவன் சொல்லிக்கொடுத்தது. மிலான் அணியோடு ஆட்டம் என்றால் குங்குமப்பூ போட்ட மஞ்சள் சோறு. அதற்கு அரிசி கொழகொழவென்று இருக்க வேண்டும். ஊரே பழைய அரிசியைத் தேடும்போது நான் மண்டியில் புது அரிசியாகப் பார்த்துக் கொண்டுவருவேன். புது அரிசி குழையும் என்று எல்லாரும் ஒதுக்குகிற அந்தக் குணம்தான் அந்தச் சோற்றுக்கு வேண்டியது. முதல் தடவை நாட்டு மருந்துக் கடையில் குங்குமப்பூ கேட்டபோது கடைக்காரம்மா வாயெல்லாம் பல்லாக, "வூட்ல எத்தினி மாசம்?" என்று கேட்டாள். ஜெனோவா ஊர்க்காரர்களுக்குத் திருநீற்றுப்பச்சிலையை எண்ணெய் விட்டு அரைத்த பச்சை விழுது. டூரின்காரர்களுக்குப் பூண்டையும் நெத்திலிக் கருவாட்டையும் எண்ணெயில் கரைத்த குழம்பு. அவர்கள் போடும் மீன் இங்கே கிடைக்காது, கருவாடுதான் கைகொடுத்தது. தெருவில் எல்லாருக்கும் அது டூரின் என்று தெரியாவிட்டாலும் கருவாடு என்று தெரிந்துவிட்டது.

அம்மா இந்தக் கதைக்குள் வந்தது பெர்காமோ அணியோடு நடந்த ஆட்டத்தில். அந்தப் பக்கம் மக்காச்சோள மாவைக் கிண்டித் தின்பார்கள். நான் அடுப்படியில் வியர்க்க விறுவிறுக்கக் கிண்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, களியா? களி கிண்டறதுக்கா இத்தினி ஆர்ப்பாட்டம் பண்ணிக்கினு கீற?"

ஒரு வாய் எடுத்துத் தின்றாள். அந்த நொடியில் ஹாலில் லேப்டாப் அலறியது. கோல். போனுக்குள் தம்பி கட்டிலிலிருந்து குதித்தான். அன்றிலிருந்து சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: முதல் வாய் அம்மா தின்ன வேண்டும், தம்பி அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தொடலாம்.

இதெல்லாம் அம்மாவின் சிறுநீரகம் கெடுவதற்கு முன்னால்.

சர்க்கரை உள்ளேயே அரித்துவைத்திருந்தது. கால் வீங்கியது, முகம் உப்பியது, கடைசியில் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று முடிந்தது. அங்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது என் மனைவி. காலையில் பஸ் ஏறினால் திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும். எனக்கு மண்டி இருக்கிறதே என்று நான் சொன்னேன். சீசன் நேரம் என்றேன். சீசன் முடிந்த பிறகும் அதையே சொன்னேன்.

சாப்பாட்டில்தான் பெரிய தொல்லை. உப்பு கூடாது. தண்ணீர் டம்ளரில் அளந்துதான். இளநீர், வாழைப்பழம், தக்காளி, கீரை எல்லாம் தள்ளி. அதிலெல்லாம் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் அது ரத்தத்தில் சேர்ந்து இதயத்தையே நிறுத்திவிடும் என்று டாக்டர் சொன்னார். எந்தக் காயானாலும் சின்னதாக நறுக்கி, ஊறவைத்து, நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றி, மறுபடி வேறு தண்ணீரில் வேகவைக்க வேண்டும். இதைத்தான் எங்கள் வீட்டில் 'வடிக்கிறது' என்று சொல்ல ஆரம்பித்தோம். வாரத்தில் ஆறு நாள் மனைவி வடித்தாள். வடித்த காயில் என்ன ருசி இருக்கும்? அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவாள்.

"சப்புனு கீது. மாட்டுக்குக் கூட இப்டி வைக்க மாட்டாங்க."

மனைவி தட்டை மறுபடி அம்மா பக்கம் நகர்த்திவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

தம்பிக்குச் சொல்லக் கூடாது என்றது அம்மாவின் கட்டளை. அவனுடைய தங்கும் அனுமதி புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்துகொண்டிருந்தான். "அவன்கிட்ட சொன்னா அடுத்த பிளேன்ல வந்து நிப்பான். வந்தா அவன் பொயப்பு போச்சு. சொன்னீங்கன்னா நான் ஊசி போட்டுக்க வரவே மாட்டேன்" என்று அம்மா மிரட்டினாள். நானும் ஒத்துக்கொண்டேன். மனைவிக்கு மட்டும் அதில் சம்மதம் இல்லை. "பெத்த புள்ளைக்குத் தெரியாம இது இன்னா ரகசியம்?" என்று ஒருமுறை கேட்டாள். நான் அம்மாவைக் கை காட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகள் எப்போதும் போல நடந்தன. நடக்காவிட்டால் தம்பிக்குச் சந்தேகம் வரும். இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்துவைத்த இடம் புடைத்திருக்கும். அம்மா அதை முந்தானையால் மூடிக்கொண்டு போன் முன்னால் உட்காருவாள். "இன்னாம்மா இளைச்சிப் போய்ட்ட?" என்று அவன் கேட்டால், "வெயிலுடா நைனா" என்பாள். பிறகு முதல் வாயைத் தின்பாள். ஒரே ஒரு வாய். ஒரு வாயில் என்ன ஆகிவிடும் என்று நான் மனைவியிடம் சொன்னேன். அவளும் அரைமனதாக ஒத்துக்கொண்டாள்.

ஒரு வாய் என்பது ஒரு வாயாக எத்தனை நாள் நிற்கும்? உப்பில்லாத வாரத்தின் கடைசியில் என் கையால் உப்பும் சீஸும் போட்ட ஒரு கவளம். அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்பு தம்பி யாரிடமோ கொடுத்தனுப்பிய சீஸ் கட்டியைப் பார்த்து, "துணி தொவைக்கிற சோப்பு மாதிரி கீது" என்று மூக்கைப் பொத்தியவள், இப்போது அதைத் துருவும் சத்தம் கேட்டாலே கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். வியாழக்கிழமையே கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

"இந்த வாரம் எந்த ஊருடா?"

வெரோனா என்பேன். ரோம் என்பேன். அவளுக்கு அந்த ஊர்கள் வாலாஜாபாத், தென்னேரி மாதிரி பழகிவிட்டன. ரோமில் மிளகு போடுவார்கள், வெரோனாவில் களி என்று அவளே சொல்வாள். ஒரு வாய் இரண்டானது. பிறகு ஒரு சின்னக் கிண்ணம் ஆனது. தின்றுவிட்டு, மனைவியின் காதில் விழும்படி சொல்வாள்: "இவன் கையி மணமே தனி. வாய்க்கு ருசியா துன்னு எத்தினி நாளாச்சி."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் அர்த்தம் இல்லை. ஆறு நாள் வடிப்பவளுக்குத் திட்டு, ஏழாம் நாள் சீஸ் துருவுகிறவனுக்குப் பாராட்டு. அது அநியாயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பாராட்டுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அந்த நாட்களில் எங்கள் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. அம்மா தின்னாமல் நிறுத்தினால் இந்த ஓட்டம் நின்றுவிடுமோ என்று என் மனதின் ஒரு மூலை நிஜமாகவே பயந்தது. அம்மாவின் சந்தோஷத்துக்காகக் கொடுத்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி பந்துக்காக.

பிறகு ஊதினே என்ற ஊரின் அணி வந்தது. வடகிழக்கு மூலையில், மலையடிவாரத்து ஊர். அங்கே உருளைக்கிழங்கையும் சீஸையும் சேர்த்து இரும்புச் சட்டியில் அடை மாதிரி தட்டி, இரண்டு பக்கமும் பொன்னிறமாக மொறுமொறுக்கச் சுடுவார்கள். உருளைக்கிழங்கு அம்மாவுக்கு ஆகாத காய்களில் முதல் காய். அன்று காலையிலேயே மனைவி அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"கெயங்கு வேணாமே. வேற எதனா அந்த ஊர்ல துன்ன மாட்டாங்களா?"

"இதுதான் அந்த ஊரு அடையாளம்" என்றேன். அந்த ஊரை நேரில் பார்த்த மாதிரி.

"அப்போ அத்தைக்குப் போடறத மட்டும் ரெண்டு தண்ணி வடிச்சிட்டு போடுங்க. சின்னதா நறுக்கி ஊற வைங்க. நான் செய்யட்டுமா?"

"நான் பாத்துக்கிறேன்."

நான் செய்து பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், செய்யவே இல்லை என்று இல்லை. கொஞ்சம் கிழங்கை வடித்துச் சட்டியில் போட்டேன். மாவுச்சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விட்டதால் அது சேரவே இல்லை. வெள்ளையாக, ஈரமாக, சட்டியில் ஒட்டிப் பிய்ந்து வந்தது. மொறுமொறுப்பு வரவே இல்லை. ஆட்டம் ஆரம்பிக்க நேரமாகிவிட்டது. தம்பி போனில் வந்துவிட்டான். நான் அந்தப் பிய்ந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, வடிக்காத கிழங்கைத் துருவி சீஸோடு தட்டினேன். அது அழகாக எழுந்து வந்தது.

"வடிச்சீங்களா?" என்று மனைவி ஹாலிலிருந்து கேட்டாள்.

"வடிச்சாச்சு" என்றேன்.

அம்மா முதல் வாயைக் கடித்தாள். அந்த மொறுமொறுப்பு போனுக்குள் தம்பிக்கே கேட்டிருக்கும். "சூப்பர்டா நைனா" என்று அவனைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினாள். ஆனால் அன்று ஆட்டம் சரியில்லை. இடைவேளைக்கு முன்னாலேயே ஊதினேக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் பந்தை வைத்துக்கொண்டு பின்னாலேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தான். திடீரென்று நிமிர்ந்தான்.

"அண்ணா, ஒரு வாயி பத்தல. அம்மாவுக்கு இன்னொரு வாயி குடுண்ணா!"

விளையாட்டாகத்தான் சொன்னான். நான் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தேன். அம்மா சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆள் ஒருவன் தலையால் முட்டிச் சமன் செய்தான். அப்புறம் சொல்ல வேண்டுமா? "இன்னொன்னு! இன்னொன்னு!" என்று தம்பி கத்த, அவனோடு இருந்தவர்களும் என்னவென்று புரியாமலே சேர்ந்து கத்த, நான் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க, அம்மா அந்த அடையில் பாதிக்கு மேல் தின்றுவிட்டாள். கடைசி நிமிஷத்தில் எங்கள் அணி ஜெயித்தது. தம்பி மண்டி போட்டு, கையை மேலே தூக்கி, "ஜெயிக்க வச்சது நீதாம்மா" என்றான். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. மனைவி அடுப்படி வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தாள், பிறகு காலித் தட்டைப் பார்த்தாள். வடித்ததுதானே என்று நினைத்திருப்பாள். அவளும் சிரித்தாள்.

மறுநாள் காலையில் அம்மாவால் காலைத் தூக்க முடியவில்லை. "மரத்துப் போன மாதிரி கீதுடா" என்றாள். நாக்குக் குழறியது. நானும் மனைவியும் ஒரு கார் பிடித்துச் செங்கல்பட்டுக்கு ஓடினோம். வழியெல்லாம் மனைவி அம்மாவின் நெஞ்சில் கையை வைத்தபடி இருந்தாள். துடிப்பு விட்டுவிட்டு வருகிறது என்று ஒருமுறை சொன்னாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். நேற்று ஜெயித்ததைத் திருப்பி எடுத்துக்கொள், இனி எல்லா ஆட்டமும் தோற்றுப்போகட்டும் என்று பைத்தியக்காரத்தனமாக வேண்டிக்கொண்டேன்.

ஊசி போட்டு, உடனே டயாலிசிஸில் ஏற்றினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிரிவின் மூத்த நர்ஸ் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக என் மனைவியிடம் திரும்பினார்.

"இன்னாம்மா குடுத்த? எத்தினி வாட்டி படிச்சிப் படிச்சி சொல்லியிருப்பேன்? மாமியார்னா அவ்ளோ அலட்சியமா? உன்னப் பெத்த அம்மாவா இருந்தா இப்டி குடுப்பியா?"

அந்த வார்டில் எல்லாப் படுக்கையிலிருந்தும் தலைகள் திரும்பின. மனைவி வாயைத் திறந்தாள். திறந்து, என்னைப் பார்த்தாள். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தாள். 'கிழங்கு நான் செய்தது, வடித்தேன் என்று பொய் சொன்னேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் தரையைப் பார்த்தேன். அவள் அந்த ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். வடிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இனிமே பாத்துக்கிறேன் சிஸ்டர்" என்றாள்.

அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். மனைவி என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வேண்டியதைப் பேசினாள், சோறு போட்டாள், அம்மாவுக்கு வடித்தாள். நான் அடுப்படிக்குள் போனால் ஒரு வேலையும் இல்லாதவள் போல வெளியே வந்துவிடுவாள். மண்டியில் மூட்டைக்குள் கை விட்டபடி நின்று, என்ன பார்க்க வந்தேன் என்பதே மறந்து நின்றேன். பேஜாரான வாரம்.

அடுத்த ஞாயிறு தம்பி வழக்கம் போல வந்தான். நான் எதுவும் சமைக்கவில்லை. லேப்டாப்பையும் திறக்கவில்லை.

"இன்னாண்ணா, அடுப்பு பத்த வைக்கலையா? அம்மா எங்க?"

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கட்டளையை மீறுகிறேன் என்று தெரியும். இனி அந்தக் கட்டளைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. சிறுநீரகம், டயாலிசிஸ், செங்கல்பட்டு, போன திங்கட்கிழமை ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியது எல்லாவற்றையும் சொன்னேன். கிழங்குக்கு இன்னும் வரவில்லை. அவன் பின்னால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. யாரையோ அணைக்கச் சொன்னான்.

"எத்தினி நாளா?"

"போன தீபாவளிக்கு முன்னாலேருந்து."

அழுதான். கத்தினான். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். வாங்கிக்கொண்டேன், அது எனக்குத் தேவையாகவும் இருந்தது. பிறகு அவன் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது. அது என்ன என்று அவன் பேசுவதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இதை நான் யோசித்திருக்கவே இல்லை.

"அண்ணா, அன்னிக்கு அது உருளக்கெயங்குதானே? இன்னொரு வாயி, இன்னொரு வாயின்னு நான்தானே சொன்னேன்? நானாண்ணா குடுத்தேன்?"

உண்மையைச் சொன்னால் பாதி பாரம் அவன் தலையில் ஏறும். அவ்வளவு தூரத்தில், தனியாக, தாயைக் கொல்லப் பார்த்தேனே என்று அவன் நினைத்துக்கொண்டே கிடப்பான். வடித்தேன் என்று பொய் சொன்னால், அது என் மனைவியிடம் சொன்ன அதே பொய். அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அதை எந்த வாயால் திரும்பச் சொல்வது?

மனைவி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"தம்பி, இங்க பாரு. அந்தக் கெயங்க நான்தான் ரெண்டு தண்ணி வடிச்சிக் குடுத்தேன். அதால ஒன்னும் ஆவல. மறுநாள் நாஷ்டாக்கு நான் எதோ தெரியாம குடுத்துட்டேன். உன்மேல ஒன்னும் இல்ல. நீ மனச வுட்டுடாத."

"நெஜமாவா அண்ணி?"

"உங்கண்ணனக் கேளு."

நான் தலையை ஆட்டினேன். அவன் உடனே கிளம்பி வருகிறேன் என்றான். கட்டிலிலிருந்து அம்மா, "பேப்பரு வாங்கினு வாடா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்று குரல் கொடுத்தாள். இப்போது அவன் தினமும் கூப்பிடுகிறான். என்னை இல்லை, என் மனைவியை. அம்மா என்ன சாப்பிட்டாள், எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாள் என்று அவளிடம்தான் கேட்கிறான். நாஷ்டாவில் தவறு செய்தவள் என்று நம்பிக்கொண்டே அவளிடம் மரியாதையாகப் பேசுகிறான்.

அன்று போன் பேசி முடித்து மனைவி வெளியே போன பிறகு அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். "யம்மா, அந்தக் கெயங்க நான் வடிக்கல" என்றேன்.

"தெரியும்" என்றாள் அம்மா.

"எப்டி?"

"தெனம் வடிச்சதத்தானே துன்னுக்கினு கீறேன். வடிச்ச கெயங்கு அப்டி மொறுமொறுன்னு வருமாடா? மொத வாயிலயே தெரிஞ்சிச்சி."

"அப்புறம் ஏன் துன்ன?"

"அவன் கேட்டானே. உன் மூஞ்சியும் அப்டி ஆசையா இருந்திச்சி." என் பக்கம் திரும்பிப் படுத்தாள். "துன்னது என் தப்பு. அது போவட்டும். அந்தப் பொண்ண அத்தினி பேர் எதிர்ல திட்டுனாங்களே, நான் கண்ண மூடிக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன். நீ மரம் மாதிரி நின்னுக்கினு இருந்த. போயி அத சரி பண்ணு."

அடுத்த டயாலிசிஸுக்கு மண்டியில் லீவு சொல்லிவிட்டு நானே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். "நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று மனைவியிடம் சொன்னேன். "இன்னா சொல்லுவீங்க?" என்று கேட்டாள். "நடந்தத" என்றேன். அவள் அம்மாவின் பையில் டம்ளரை வைத்து என் கையில் கொடுத்தாள்.

பஸ்ஸில் வாசகத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அம்மாவைப் படுக்கவைத்து ஊசி குத்திய பிறகு, அந்த மூத்த நர்ஸ் முன்னால் போய் நின்றேன். அன்றைக்குத் தலையைத் திருப்பிப் பார்த்தவர்களில் சிலர் அதே படுக்கைகளில் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"சிஸ்டர், அன்னிக்கு நீங்க என் மனைவியத் திட்டுனீங்க. அவமேல தப்பு இல்ல. அம்மா துன்ன உருளக்கெயங்கு நான் சமைச்சது. வடிக்கச் சொல்லி அவ சொன்னா. நான் வடிக்காம வடிச்சேன்னு பொய் சொல்லிட்டேன்."

கன்னத்தை நீட்டிக்கொண்டு அறை வாங்கக் காத்திருப்பவன் போல நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் இளகியது.

"நீங்க சமைப்பீங்களா சார்?"

"ஞாயித்துக்கெயமைல மட்டும்."

"பாரேன்!" என்று பக்கத்திலிருந்த இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டார். "அம்மாவுக்கு இவரே சமைச்சிப் போடறாராம். இந்தக் காலத்துல எந்த ஆம்பள அடுப்படிப் பக்கம் வரான்?" பிறகு என்னிடம், "ஆசையாத்தானே சார் செஞ்சீங்க. தெரியாமத்தானே. அடுத்த வாட்டி உங்க வைஃப்ப கொஞ்சம் கிட்ட நின்னு பாத்துக்கச் சொல்லுங்க, அவ்ளோதான்" என்றார்.

தெரியாமல் இல்லை, தெரிந்தே செய்தேன் என்று மறுபடியும் சொன்னேன். அதற்கும் அவர் சிரித்தார். பக்கத்துப் படுக்கை அம்மாள், "கொடுத்து வச்சவங்கப்பா உங்கம்மா" என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போய்ப் படுக்கவைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். எல்லார் எதிர்லயும்."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

அந்த முகத்தைப் பார்த்தேன். அன்று வார்டில் எனக்காகக் காத்திருந்த அதே முகம். உள்ளே அம்மா இருமுவது கேட்டது.

"நல்லா திட்டுனாங்க" என்றேன். "காது குடுத்துக் கேக்க முடியல."

"தேவைதான்" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது. "கைய கயுவினு வாங்க, சோறு போடறேன்" என்று அடுப்படிக்குப் போனாள்.